சிப்கோ ஊர்க்கூட்டங்களும் சூழல் முகாம்களும்

சிப்கோ இயக்கம் என்பது இமயமலைக் காடுகளைக் காக்க 1973இல் சமோலி மாவட்டத்தில் தோன்றிய மக்கள் இயக்கம் ஆகும். அன்று உத்தரப் பிரதேசத்தில் இருந்த இம்மாவட்டம் இன்று உத்தராகண்டில் உள்ளது. 'சிப்கோ' என்ற இந்திச் சொல்லுக்கு 'ஒட்டிக்கொள்' என்று பொருள். மரத்தைக் கட்டியணைத்த காட்சியே பலருக்கும் தெரியும். அதற்கு அடித்தளமாக அமைந்தவை மலைமக்களின் ஊர்க்கூட்டங்கள்.

பின்னணி

மலைவீடுகளுக்கு விறகும் தீவனமும் காட்டிலிருந்தே வந்தன. அவற்றைச் சுமந்து வருவது பெரும்பாலும் பெண்களின் வேலை. ஆண்கள் பலர் பிழைப்புக்காகச் சமவெளிக்குச் சென்றனர். உள்ளூரிலேயே வேலை உண்டாக்கும் நோக்குடன் சண்டி பிரசாத் பட் 1964இல் கோபேசுவரில் தசோலி கிராம சுவராஜ்ய சங்கத்தைத் தொடங்கினார்.

1970 ஜூலையில் அலக்நந்தா ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. மேல்சரிவுகளில் மரங்களை வெட்டியதற்கும் இந்த அழிவுக்கும் தொடர்பு உண்டு என்று நிவாரணப் பணி செய்த சங்கத்தினர் கண்டனர். வேர்ப்பிடிப்பு இல்லாத சரிவில் மழைநீர் மண்ணை அரித்து ஆற்றில் சேர்க்கும். ஆற்றுப்படுகை மேடாகி வெள்ளம் கரை மீறும். இது ஊர்தோறும் பேசுபொருளாயிற்று.

மண்டலும் ரேணியும்

1973இல் உழவுக் கருவிகள் செய்யச் சங்கம் கேட்ட ஆஷ் மரங்களை வனத்துறை தர மறுத்தது. அதே வகை மரங்களை விளையாட்டுப் பொருள் நிறுவனம் ஒன்றுக்கு ஒதுக்கியது. மக்கள் கூடிப் பேசி, மரங்களைக் கட்டியணைத்துத் தடுப்பது என முடிவெடுத்தனர். ஏப்ரலில் மண்டல் என்னும் கிராமத்துக்கு வந்தவர்கள் மரம் வெட்டாமல் திரும்பினர்.

1974 மார்ச் 26 அன்று ரேணி கிராமத்து ஆண்கள் நில இழப்பீடு பெறச் சமோலிக்குச் சென்றிருந்தனர். அந்நேரம் மரம்வெட்டிகள் வந்தனர். ஊர்ப் பெண்கள் சங்கத் தலைவி கௌரா தேவியும் மற்றப் பெண்களும் காட்டுக்குச் சென்று அவர்களைத் தடுத்துத் திருப்பியனுப்பினர்.

கூட்டத்தில் யாருக்கு இடம்?

ஊர்க்கூட்டம் என்றாலே எல்லாருடைய குரலும் ஒலித்தது என்று கொள்ளலாகாது. 1980இல் டூங்ரி-பைத்தோலி கிராமத்தில் சாலை, மருத்துவமனை போன்ற வசதிகள் கிடைக்கும் என்ற வாக்குறுதியை நம்பி, ஆண்கள் மட்டுமே இருந்த ஊர்மன்றம் கருவாலிக் காட்டை விட்டுக்கொடுக்க இசைந்தது. காடு போனால் விறகுக்கும் தீவனத்துக்கும் நெடுந்தொலைவு நடக்க வேண்டியவர்கள் பெண்களே. அவர்கள் எதிர்த்து நின்று காட்டைக் காத்தனர். ஊர்மன்றத்திலும் இடம் கேட்டனர்.

சூழல் முகாம்கள்

மரம் வெட்டுவதைத் தடுத்தால் மட்டும் போதாது என்பதால், சங்கம் சூழல் மேம்பாட்டு முகாம்களை நடத்தியது. கிராமத்தினர், மாணவர், அறிவியலாளர் ஒன்றாகத் தங்கிப் பகலில் கன்று நட்டனர். கால்நடை மேயாதபடி கல்சுவர் எழுப்பினர். எந்த மரம் தீவனம் தரும், எது மண்ணைப் பிடிக்கும் என்பதைச் சேர்ந்து பேசினர். ஏட்டறிவும் பட்டறிவும் அங்கே கைகோத்தன.

விளைவு

1980இல் உத்தரப் பிரதேச இமயமலைப் பகுதியில் 1,000 மீட்டர் உயரத்துக்கு மேல் வணிகத்துக்காகப் பச்சை மரங்களை வெட்ட 15 ஆண்டுத் தடை வந்தது. பட் 1982இல் மகசேசே விருது பெற்றார்.

ஆயினும் மலைக்கு இடர் நீங்கவில்லை. 2021 பிப்ரவரி 7 அன்று மேலே பாறையும் பனியும் சரிந்ததால் எழுந்த வெள்ளம், ரேணி அருகே இருந்த ரிஷிகங்கா நீர்மின் நிலையத்தை அழித்தது. மலையில் எதைக் கட்டலாம், எதை வெட்டலாம் என்று முடிவெடுக்கும் இடத்தில் அங்கு வாழ்பவருக்கு இருக்கை உண்டா என்ற கேள்வி இன்றும் நிற்கிறது.