புயல் எழுச்சி உருவகப்படுத்தலின் இயக்கநேர அளபுருக்கள்

புயல் எழுச்சி உருவகப்படுத்தலின் இயக்கநேர அளபுருக்கள் என்பவை, புயலின்போது கடல் மட்டம் எவ்வளவு உயரும் என்பதைக் கணிக்கும் பாய்ம இயக்கவியல் மென்பொருளுக்கு, அது ஓடத் தொடங்கும் வேளையில் கொடுக்கப்படும் எண்களும் தெரிவுகளும் ஆகும். காலப்படி, அடித்தள உராய்வு, காற்றின் இழுவைக் கெழு, உலர் நிலத்துக்கான குறைந்தபட்ச ஆழம், வெளியீட்டு இடைவெளி ஆகியன இவற்றுள் முதன்மையானவை. மென்பொருள் தீர்க்கும் சமன்பாடுகள் உலகின் எந்தக் கடலுக்கும் ஒன்றே. அவற்றை ஒரு குறிப்பிட்ட கடற்கரைக்கு உரியவையாக ஆக்குவன இந்த அளபுருக்களும் அவற்றோடு தரப்படும் ஆழத் தரவுகளுமே. இக்கட்டுரை புதுச்சேரி நகரின் கடற்கரையை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவற்றை விளக்குகிறது.

பின்னணி

வங்காள விரிகுடாவின் மேற்குக் கரையில் அமைந்துள்ள புதுச்சேரி, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் புயல்களின் பாதையில் உள்ளது. தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே, மணிக்கு 120 முதல் 140 கி.மீ. வேகக் காற்றுடன் கரையைக் கடந்தது. அப்போது தாழ்வான கரையோரப் பகுதிகளில் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்துக்கு எழுச்சி ஏற்பட்டது.

வட அரைக்கோளத்தில் புயற்காற்று இடஞ்சுழியாகச் சுழல்கிறது. ஆகவே மேற்கு நோக்கி நகரும் புயல் நகருக்குத் தெற்கே கரையேறினால், புதுச்சேரியில் காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசி நீரைக் கரையில் குவிக்கும். நகருக்கு வடக்கே கரையேறினால் காற்று நிலத்திலிருந்து வீசி நீரை அப்பால் தள்ளும். புயல் பாதையில் சில பத்து கிலோமீட்டர் வேறுபாடே எழுச்சிக்கும் இறக்கத்துக்கும் இடையிலான வேறுபாடாகும். இதனால் ஒரே புயலுக்குப் பல பாதைகளைக் கொண்டு மென்பொருளைப் பலமுறை இயக்குவது வழக்கம்.

இந்தியாவில் புயல் எழுச்சிக் கணிப்புக்கு தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவாக்கப்பட்ட மாதிரியும், ஐக்கிய அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட அட்சர்க் என்னும் மென்பொருளும் பயன்பட்டு வந்துள்ளன. ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் 2013 அக்டோபரில் பைலின் புயலின்போது அட்சர்க் மாதிரியின் அடிப்படையில் எழுச்சிக் கணிப்புகளை வழங்கியது.

உள்ளீட்டுக் கோப்புகள்

மென்பொருளின் மூல நிரல் ஒருமுறை தொகுக்கப்படுகிறது. அதன்பின் ஒவ்வொரு இயக்கத்துக்கும் மாறுபவை உரைக் கோப்புகளில் எழுதப்படுகின்றன. அட்சர்க் மென்பொருளில் இவை எண்ணிட்ட பெயர்களைக் கொண்டுள்ளன.

- ஃபோர்ட்.14: முக்கோணக் கண்ணிகளால் ஆன வலை, ஒவ்வொரு கணுவின் ஆழம், எல்லைகள்.
- ஃபோர்ட்.15: இயக்கநேர அளபுருக்கள் அனைத்தும்.
- ஃபோர்ட்.22: காற்றும் வளிமண்டல அழுத்தமும்.

கோப்பில் உள்ள எண்கள் வரிசையால் அடையாளம் காணப்படுவதால், ஒரு வரி விடுபட்டாலும் அடுத்தடுத்த எண்கள் தவறான இடத்தில் படிக்கப்படும். அவ்வாறான பிழையில் மென்பொருள் பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் சரியான இடத்தில் தவறான எண் இருந்தால் மென்பொருள் நிற்காது. நம்பத்தக்கதாகத் தோன்றும் தவறான விடையைத் தரும்.

காலப்படி

மென்பொருள் காலத்தைச் சிறு படிகளாகப் பிரித்து முன்னேறுகிறது. ஒரு காலப்படிக்குள் அலை கடக்கும் தொலைவைக் கண்ணியின் அகலத்தால் வகுத்தால் கிடைப்பது கூரண்ட் எண் ஆகும். இது ஒன்றை மீறினால் கணிப்பு பொதுவாக நிலைகுலையும், நடைமுறையில் 0.5க்குக் கீழே வைப்பது பாதுகாப்பானது.

நீண்ட அலையின் வேகம், ஈர்ப்பு முடுக்கத்தையும் ஆழத்தையும் பெருக்கி வரும் எண்ணின் வர்க்கமூலம் ஆகும். 3000 மீட்டர் ஆழத்தில் இது நொடிக்கு ஏறத்தாழ 171 மீட்டர். 10 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 10 மீட்டர். இதிலிருந்து, கூரண்ட் எண் 0.5 எனக் கொண்டால்:

- 3000 மீ. ஆழம், 5000 மீ. கண்ணி: ஏறத்தாழ 14.6 நொடி.
- 10 மீ. ஆழம், 100 மீ. கண்ணி: ஏறத்தாழ 5 நொடி.
- 10 மீ. ஆழம், 20 மீ. கண்ணி: ஏறத்தாழ 1 நொடி.
- 1000 மீ. ஆழம், 100 மீ. கண்ணி: ஏறத்தாழ 0.5 நொடி.

வலை முழுவதற்கும் ஒரே காலப்படி என்பதால், மிகக் கடுமையான ஒரு கண்ணியே அனைத்தையும் தீர்மானிக்கிறது. பட்டியலின் கடைசி வரி காட்டுவது போல, நுண்ணிய கண்ணிகள் கண்டத்திட்டின் விளிம்பைத் தாண்டி ஆழ்கடலுக்குள் சென்றால் கணிப்புச் செலவு தேவையின்றிக் கூடும். மூன்று நாள் இயக்கம் 5 நொடிக் காலப்படியில் 51,840 படிகளையும், 1 நொடிக் காலப்படியில் 2,59,200 படிகளையும் கொண்டது. புயல் நெருங்கும் வேளையில் விடை குறித்த நேரத்துக்குள் கிடைக்குமா என்பதை இவ்வேறுபாடே முடிவு செய்கிறது.

காற்றும் அழுத்தமும்

மைய அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும்போது கடல் மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயர்கிறது. 40 ஹெக்டோபாஸ்கல் குறைவுள்ள புயலில் அழுத்தத்தால் மட்டும் ஏறத்தாழ 40 செ.மீ. உயர்வு ஏற்படலாம். எஞ்சிய பகுதி பெரும்பாலும் காற்று நீர்ப்பரப்பை இழுப்பதால் உண்டாவது.

இழுவிசை காற்று வேகத்தின் இருமடியோடும் இழுவைக் கெழுவோடும் பெருகும். கார்ரட் என்பவரின் 1977ஆம் ஆண்டுச் சூத்திரத்தின்படி, இக்கெழு நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 0.0024, 35 மீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 0.0031. கடும் வேகங்களில் கெழு வரம்பின்றி உயர்வதில்லை என்பதால் அதற்கு ஓர் உச்சவரம்பு இடப்படுகிறது.

அலகுப் பிழை இங்கே மிகவும் ஆபத்தானது. ஒரு நாட் என்பது நொடிக்கு ஏறத்தாழ 0.514 மீட்டர். நாட் அலகில் உள்ள எண்ணை நொடிக்கு மீட்டர் எனக் கொண்டால் இழுவிசை ஏறத்தாழ நான்கு மடங்காகிவிடும். மேலும், இந்திய வானிலை ஆய்வுத் துறை 3 நிமிடச் சராசரி வேகத்தைத் தருகிறது. வேறு சில அமைப்புகள் 1 நிமிட அல்லது 10 நிமிடச் சராசரியைத் தருகின்றன. எந்தச் சராசரி என்பதை அறிந்து மாற்றிய பின்னரே கோப்பில் எழுத வேண்டும்.

கொரியோலிசு அளபுருவும் அலைகளும்

புவிச் சுழற்சியின் விளைவு அகலாங்கைப் பொறுத்தது. புதுச்சேரியின் அகலாங்கு ஏறத்தாழ 11.93 பாகை வடக்கு. அங்கு கொரியோலிசு அளபுரு நொடிக்கு ஏறத்தாழ 0.00003 ஆகும். வலை விரிகுடா முழுவதையும் உள்ளடக்கினால் ஒரே மதிப்பு போதாது. ஒவ்வொரு கணுவிலும் தனியே கணிக்கும் தெரிவைக் கொடுக்க வேண்டும்.

ஓதத்தின் கூறுகள் திறந்த கடல் எல்லையில் தரப்படுகின்றன. முதன்மைச் சந்திரக் கூறின் அலைவு காலம் 12.42 மணி, முதன்மைச் சூரியக் கூறின் அலைவு காலம் 12 மணி. இவற்றைத் தொடக்கத்திலேயே முழு அளவில் கொடுத்தால் செயற்கை அலைகள் எழும். ஆகவே சில நாட்களில் படிப்படியாக முழு அளவை எட்டச் செய்யும் தொடக்க ஏற்றக் காலமும் ஓர் அளபுருவாகத் தரப்படுகிறது.

உராய்வும் நனைதல்-உலர்தலும்

அடித்தள உராய்வு பெரும்பாலும் மேனிங் எண்ணால் குறிக்கப்படும். மணற்பாங்கான கடல் தரைக்கு 0.02 முதல் 0.025 வரை கொள்ளப்படும். அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் உள்ளவை போன்ற அலையாத்திக் காடுகளுக்கும் கட்டடங்கள் நிறைந்த தெருக்களுக்கும் இதைவிடப் பல மடங்கு உயர்ந்த மதிப்பு வேண்டும். எங்கும் 0.025 எனக் கொடுத்தால் வெள்ளம் உண்மையைவிட நெடுந்தொலைவு உள்ளே செல்வதாக மாதிரி காட்டும்.

நிலம் நனைந்ததா உலர்ந்ததா என்பதைத் தீர்மானிக்கும் குறைந்தபட்ச ஆழம் பொதுவாக 0.05 முதல் 0.1 மீட்டர் வரை இருக்கும். மிகச் சிறியதாயின் கணிப்பு நிலைகுலையலாம். மிகப் பெரியதாயின் தாழ்வான தெருக்களின் மெல்லிய வெள்ளம் காணாமற்போகும்.

கடற்கரைச் சாலையை ஒட்டிய கற்சுவர், துறைமுக அலைதாங்கிகள் ஆகியவை கண்ணியின் அகலத்தைவிடக் குறுகியவை. அவற்றைக் கணுக்களின் உயரமாக அன்றி, நீர் மேலே வழியக்கூடிய கோட்டுத் தடுப்பாக அமைக்க வேண்டும். கடல்வழி வரைபடங்களின் ஆழம் தாழ்ந்த ஓத மட்டத்திலிருந்தும், நில உயரம் சராசரிக் கடல் மட்டத்திலிருந்தும் அளக்கப்படுவதால், இரண்டையும் ஒரே அடிமட்டத்துக்கு மாற்றுவதும் கட்டாயமாகும்.

வெளியீடும் சரிபார்ப்பும்

வெளியீட்டு இடைவெளி ஒரு மணி நேரமாயின் எழுச்சியின் உச்சம் இரு பதிவுகளுக்கு இடையே தவறிப்போகலாம். ஆகவே ஒவ்வொரு கணுவின் உச்ச மட்டத்தையும் தனியே சேமிக்கும் தெரிவு பயன்படுத்தப்படும்.

இயக்கம் பிழையின்றி முடிந்தது என்பதால் விடை சரி என ஆகாது. பின்வரும் சோதனைகள் வழக்கமானவை.

- புயலின்றி, ஓதத்தை மட்டும் இயக்கி அளவீட்டோடு ஒப்பிடுதல்.
- காலப்படியையும் கண்ணி அகலத்தையும் பாதியாக்கி, விடை மாறுகிறதா எனப் பார்த்தல்.
- தானே போன்ற முந்தைய புயலை இயக்கிப் பதிவுகளோடு ஒப்பிடுதல்.

ஒப்பீட்டில் வேறுபாடு தெரிந்தால், விடை பொருந்தும்வரை உராய்வை மாற்றுவது எளிது. ஆனால் உண்மைக் காரணம் காற்றுத் தரவின் பிழையாயின், ஒரு புயலுக்குப் பொருத்திய மதிப்பு அடுத்த புயலில் தவறும். ஆகவே ஒவ்வொரு மதிப்புக்கும் இயற்பியல் காரணம் இருத்தல் வேண்டும்.

வரம்புகள்

புயல் எழுச்சி மாதிரி மட்டும் இயக்கப்படும்போது மழை அதில் இடம்பெறுவதில்லை. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கும் அதிகமான மழை பெய்து நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. அத்தகைய வெள்ளத்துக்கு மழைநீர் ஓட்ட மாதிரியும் வாய்க்கால்களின் அளவீடும் தேவை. எனினும் கடல் மட்டம் உயர்ந்திருக்கும்போது வாய்க்கால் நீர் வடிவது தடைப்படும் என்பதால், எழுச்சிக் கணிப்பு அம்மாதிரிக்கு எல்லை நிபந்தனையாகப் பயன்படுகிறது.

இவற்றையும் பார்க்க

- ஆழம் குறைந்த நீர்ச் சமன்பாடுகள்
- கொரியோலிசு விளைவு
- தானே புயல்
- ஓதம்