மேகத்தை ஊடுருவும் கண்

2021 டிசம்பரில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியது. பலர் மாடியிலும் கூரையிலும் ஏறிப் படகுக்காகக் காத்திருந்தார்கள். எங்கெல்லாம் தண்ணீர் நிற்கிறது என்பதை வானிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாதா?

கனமழை நாளில் வானம் முழுக்க மேகம். சாதாரணக் கேமரா பொருத்திய துணைக்கோளத்துக்கு மேகம் மட்டுமே தெரியும்.

ரேடார் துணைக்கோளம் வேறு வகை. அது தானே நுண்ணலைகளை அனுப்பி, திரும்பி வருவதைப் பதிவு செய்கிறது. இரவும் மேகமும் அதற்குத் தடையில்லை. சலனமற்ற நீர்ப்பரப்பு அலைகளை வேறு பக்கம் தெறிக்கவிடுவதால் படத்தில் கறுப்பாகத் தெரியும். வெள்ளத்துக்கு முந்திய படத்தோடு ஒப்பிட்டால், நீர் புகுந்த இடங்கள் புலப்படும்.

ஐரோப்பாவின் சென்டினல்-1 படங்களை யாரும் இலவசமாகப் பெறலாம். சிங்கப்பூரின் டெலியோஸ்-2 ரேடார் துணைக்கோளமும் 2023 ஏப்ரலில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணில் பாய்ந்தது.

ஆனால் குடியிருப்புகளில் அலைகள் சுவர்களில் பட்டுத் திரும்புவதால், வீடுகளுக்கு நடுவே நிற்கும் நீரை ரேடார் தவறவிடலாம். துணைக்கோளம் எந்நேரமும் நம் தலைக்கு மேல் இருப்பதும் இல்லை. எனவே, “எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர்” என்று சொல்பவரின் தகவலும் தேவை. புவியியலும் கணினியும் படிக்கும் நண்பர்களே, இவ்விரண்டையும் ஒரே வரைபடத்தில் சேர்க்கும் வேலை நமக்காகக் காத்திருக்கிறது.