தடைக்கு அடங்காத பாட்டு
மெக்ஸிகோ மக்களின் சங்கீதம் மாறி வந்த கதை

மெக்ஸிகோ நாட்டில் பாட்டு இல்லாமல் எந்தக் காரியமும் நடப்பதில்லை. பிறந்த நாள் என்றால் பொழுது விடியுமுன்பே வாசலில் வந்து நின்று பாடுவார்கள். காதலியின் ஜன்னலுக்குக் கீழே பாட்டு, கல்யாணத்தில் பாட்டு, கடைசியில் கல்லறைக்குப் போகும்போதும் பாட்டு. தலைநகரில் கரிபால்தி சதுக்கம் என்று ஓர் இடம் இருக்கிறது. இரவு நேரத்தில் பிடிலும் கிதாருமாகப் பாட்டுக்காரர்கள் அங்கே கூட்டம் கூட்டமாகக் காத்து நிற்பார்கள். பணம் கொடுத்தால் அங்கேயே பாடுவார்கள். விலாசம் கொடுத்தால் வீட்டுக்கே வந்து பாடுவார்கள்.

இப்படிப்பட்ட நாட்டில்தான் இன்று ஒரு பெரிய விவாதம் நடக்கிறது. போதைப் பொருள் கடத்துகிறவர்களையும் கொலைக்கு அஞ்சாத கும்பல் தலைவர்களையும் புகழும் பாட்டுக்களைத் தடை செய்யலாமா, கூடாதா என்பதே அந்த விவாதம். அதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், அந்த நாட்டுப் பாமர மக்களின் பாட்டு எப்படி எப்படியெல்லாம் மாறி வந்தது என்பதைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

பாதிரிமார் போட்ட தடை

மெக்ஸிகோ ஸ்பெயின் தேசத்தின் ஆட்சியில் இருந்த காலம். கியூபாவிலிருந்து வந்த கப்பல்களோடு ஒரு பாட்டும் வெராகுரூஸ் துறைமுகத்தில் வந்து இறங்கிற்று. "சுச்சும்பே" என்று அதற்குப் பெயர். துறவிகளையும் சிப்பாய்களையும் கேலி செய்யும் பாட்டு அது. ஆணும் பெண்ணும் வயிற்றோடு வயிறு உரச அதற்கு ஆடினார்கள். கத்தோலிக்க மத விசாரணை மன்றம் பொறுக்குமா? 1766-ம் ஆண்டில் அந்தப் பாட்டையே தடை செய்துவிட்டது. 1802-ல் ஸ்பானிய வைசிராய் "ஹராபே" வகைப் பாட்டு ஒன்றுக்குத் தடை போட்டார். என்ன பயன்? அதே ஹராபே வகையைச் சேர்ந்த நடனம் ஒன்றுதான் பிற்காலத்தில் மெக்ஸிகோவின் தேசிய நடனமாகப் பெயர் பெற்றது!

பாட்டே பத்திரிகை

அந்நாட்டில் "கொரீடோ" என்று ஒரு வகைக் கதைப் பாட்டு உண்டு. நடந்த சம்பவத்தைத் தேதி, ஊர், பேர் சகிதம் சொல்லும் பாட்டு. எழுத்தறியாத ஜனங்களுக்கு அதுதான் பத்திரிகை. தலைநகரில் வனேகாஸ் அர்ரோயோ என்ற அச்சகக்காரர் இப்பாட்டுக்களை ஒற்றைத் தாளில் அச்சிட்டுச் சொற்ப விலைக்கு விற்றார். அவற்றுக்குப் படம் செதுக்கிக் கொடுத்தவர் போஸாதா என்ற ஓவியர். எலும்புக் கூடுகளுக்கு உடை மாட்டிச் சிரிக்க வைத்த அவருடைய சித்திரங்கள் இன்று உலகப் பிரசித்தி பெற்றிருக்கின்றன.

கொரீடோவின் நாயகன் எப்படிப்பட்டவன் என்பதற்குக் கிரெகோரியோ கோர்த்தெஸின் கதையே போதும். அமெரிக்காவைச் சேர்ந்த டெக்ஸாஸ் ராஜ்யத்தில் குடியிருந்த மெக்ஸிகோக்காரன் அவன். 1901-ல் குதிரைத் திருட்டு ஒன்றை விசாரிக்க ஷெரீப் வந்தார். "சமீபத்தில் குதிரை ஏதாவது வாங்கினாயா?" என்று கேட்டார்கள். "இல்லை" என்றான் கோர்த்தெஸ். அவன் வாங்கியது பெண் குதிரை. ஸ்பானிஷ் பாஷையில் ஆண் குதிரைக்கு ஒரு சொல், பெண் குதிரைக்கு வேறு சொல். மொழிபெயர்த்தவருக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. பொய் சொல்கிறான் என்று நினைத்தார்கள். துப்பாக்கி வெடித்தது. கோர்த்தெஸின் அண்ணன் சுடப்பட்டான். ஷெரீப் செத்து விழுந்தார். நூற்றுக் கணக்கானோர் துரத்த, நடந்தும் குதிரையேறியும் நூற்றுக் கணக்கான மைல் ஓடிக் கடைசியில் பிடிபட்டான் கோர்த்தெஸ். சிறை சென்ற அவனுக்கு 1913-ல் கவர்னர் மன்னிப்பு வழங்கினார். எல்லைப் புறத்து மக்கள் அவனைப் பாடிப் பாடி வீரனாக்கினார்கள். பலசாலிகள் துரத்த, ஒற்றை ஆளாக எதிர்த்து நின்றான் என்பதே அந்தப் பாட்டின் உயிர்.

1910-ல் புரட்சி வெடித்ததும் கொரீடோவுக்கு யோகம் அடித்தது. பான்ச்சோ வில்லா, ஸபாத்தா முதலிய தலைவர்களின் வெற்றியும் தோல்வியும் மரணமும் பாட்டாயின. படையோடு சென்ற பெண்கள் மீதும் பாட்டு எழுந்தது.

பட்டணம் வந்த மாரியாச்சி

மேற்கே ஹாலிஸ்கோ பகுதியின் கிராமத்துக் கோஷ்டிகளுக்கு "மாரியாச்சி" என்று பெயர். கல்யாணத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் என்று வெகு காலம் சொல்லி வந்தார்கள். ஆனால் பிரெஞ்சுப் படை மெக்ஸிகோவுக்குள் வந்தது 1862-ல். 1852-ம் ஆண்டிலேயே ஒரு பாதிரியார் எழுதிய கடிதத்தில் அந்தச் சொல் இருக்கிறது! அந்தக் கதை அத்துடன் பொய்யாயிற்று.

அந்நாளைய மாரியாச்சிக்காரர்கள் வெள்ளைப் பருத்தி உடையும் சாதாரணச் செருப்பும் அணிந்த குடியானவர்கள். பிடில், ஹார்ப், ஐந்து தந்தி கொண்ட சிறு விஹுவேலா இவைதான் அவர்களுடைய வாத்தியங்கள். 1898-ல் தொடங்கிய "மாரியாச்சி வர்காஸ்" என்ற கோஷ்டி 1934-ல் தலைநகருக்குக் குடியேறிற்று. பட்டணம் வந்ததும் கோலம் மாறியது. பண்ணையார்கள் குதிரையேறும்போது அணியும் வெள்ளிப் பொத்தான் வைத்த உடையும் அகன்ற தொப்பியும் ஏறின. ஹார்ப் மெல்லப் பின்னுக்குப் போயிற்று. டிரம்பெட் முன்னுக்கு வந்தது. இன்று உலகம் "பழைய மெக்ஸிகோ" என்று கண்டு மகிழ்வது இந்தப் புதுக் கோலத்தைத்தான். 2011-ல் யுனெஸ்கோ மாரியாச்சியை மனித குலத்தின் கலாசாரச் செல்வமாக அங்கீகரித்தது.

ரேடியோவும் சினிமாவும்

மாறுதலுக்கு மூல காரணம் ரேடியோ. 1930, செப்டம்பர் 18-ந் தேதி எக்ஸ்.இ.டபிள்யூ. என்ற நிலையம் பேச ஆரம்பித்தது. அதன் மூலம் வீடு வீடாய்ப் புகுந்தவர் அகுஸ்தீன் லாரா. கேளிக்கை விடுதிகளில் பியானோ வாசித்த ஒல்லி மனிதர். கன்னத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. அவர் இயற்றிய "பொலேரோ" என்ற காதல் பாட்டுக்கள் நகரத்து மக்களைக் கிறங்க வைத்தன. கொன்ஸுவேலோ வெலாஸ்கெஸ் என்ற இளம் பெண் எழுதிய "பேஸமே மூச்சோ" உலகமெங்கும் பரவியது. முத்தம் கேட்கும் அந்தப் பாட்டை எழுதியபோது தாம் யாரையும் முத்தமிட்டதே இல்லை என்று அவர் பிற்காலத்தில் சொல்லிச் சிரித்தார்!

1936-ல் வந்த "அங்கே பெரிய பண்ணையில்" என்ற படம் பாடும் குதிரை வீரர்களின் சகாப்தத்தைத் தொடங்கி வைத்தது. சங்கீத நாடகத்துக்குப் பயின்ற கம்பீரக் குரல் ஹோர்கே நெக்ரெத்தேயுடையது; தச்சுத் தொழில் செய்து முன்னுக்கு வந்தவர் பெத்ரோ இன்பாந்தே. 1957-ல் விமான விபத்தில் இன்பாந்தே மாண்டபோது நாடே அழுதது. அப்போது அவருக்கு வயது 39.

இக்காலத்துப் பாட்டாசிரியர்களில் தலைசிறந்தவர் ஹோஸே அல்ப்ரேதோ ஹிமேனெஸ். ஓட்டலில் பரிமாறும் வேலை பார்த்தவர். எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. மெட்டைச் சீட்டியடித்துக் காட்டுவார், மற்றவர்கள் ஸ்வரப்படுத்துவார்கள். குடி, காதல் தோல்வி, ரோஷம் இவைதான் அவருடைய விஷயங்கள். 1973-ல் மறைந்த அவருடைய கல்லறை, சொந்த ஊரில், பிரம்மாண்டமான தொப்பி வடிவத்தில் கட்டப்பட்டிருக்கிறது.

ராக் இசையும் சர்க்காரும்

அறுபதுகளில் வாலிபர்கள் அமெரிக்க "ராக்" இசையில் மோகம் கொண்டார்கள். 1971 செப்டம்பரில் அவாந்தரோ என்ற இடத்தில் லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மழையில் நனைந்தபடி இரவெல்லாம் பாட்டுக் கேட்டார்கள். சர்க்கார் மிரண்டது. ராக் இசை ரேடியோவிலிருந்து ஒதுக்கப்பட்டது. பெரிய கச்சேரிகள் நின்றன. அது செத்ததா? இல்லை. நகரின் ஓரத்துக் கொட்டகைகளில் ஒளிந்து வாழ்ந்து, எண்பதுகளில் மீண்டும் தலை நீட்டியது.

1990-ல் வேறொரு சச்சரவு. தலைநகரின் சலவைக்கல் கலாமண்டபத்தில் தேசிய வாத்தியக் குழுவுடன் ஹுவான் கப்ரியேல் பாடப் போகிறார் என்றதும், "பாமரப் பாட்டுக்காரனுக்கு இந்த மேடையா?" என்று பெரிய மனிதர்கள் கொதித்தார்கள். அநாதை விடுதியில் வளர்ந்தவர் அவர். பாடினார். கூட்டம் எழுந்து நின்று ஆரவாரித்தது.

எல்லையில் ஓர் அக்கார்டியன்

வட மாநிலங்களில் ஜெர்மானியக் குடியேறிகள் கொண்டுவந்த அக்கார்டியனும் போல்கா தாளமும் கொரீடோவுடன் கலந்தன. இந்த "நோர்த்தேனியோ" இசைக்குப் பெரும் புகழ் தேடித் தந்தவர்கள் "லாஸ் திக்ரெஸ் தெல் நோர்த்தே" சகோதரர்கள். பிழைப்புக்காக எல்லை தாண்டிய கூலிகளின் துயரத்தைப் பாடினார்கள். அதே சமயம், எழுபதுகளில் அவர்கள் பாடிய ஒரு பாட்டில் புதிய நாயகி வந்தாள். காரின் டயருக்குள் கஞ்சாவை ஒளித்துக் கடத்திய பெண் அவள். கடத்தல் பாட்டுக்கள் அதன் பின் பெருகின. கடத்தல்காரர்களே கூலி கொடுத்துத் தங்கள் பெயரில் பாட்டு எழுதச் சொன்னார்கள். அப்படி எழுதிப் பாடிய சலீனோ சான்செஸ் 1992-ல் கச்சேரி முடிந்து திரும்பும்போது கடத்திச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்.

இன்று அதே கொரீடோ புது உடை உடுத்தியிருக்கிறது. 2023-ல் "பெசோ ப்ளூமா" என்ற இளைஞர் மற்றொரு குழுவுடன் பாடிய காதல் பாட்டு அமெரிக்கப் பாட்டு வரிசையில் 4-வது இடத்தைப் பிடித்தது. அந்த ஆண்டே கொலை மிரட்டல் வந்ததால் அவர் திஹுவானா நகரக் கச்சேரியை ரத்து செய்ய நேர்ந்தது. நகர சபை, கடத்தல்காரர்களைப் புகழும் பாட்டுக்களைப் பொது நிகழ்ச்சிகளில் தடை செய்தது. 2025 ஏப்ரலில் தெஸ்கோகோ ஊர்த் திருவிழாவில் ஒரு பாடகர் அவ்வகைப் பாட்டைப் பாட மறுத்தார். ஆத்திரமடைந்த கூட்டம் மேடையேறி வாத்தியங்களை நொறுக்கியது. அடுத்த மாதம், ரெய்னோசா நகரில் விருந்துக்கு வாசிக்க அழைக்கப்பட்ட ஒரு குழுவினரைக் கடத்திக் கொன்றார்கள்.

தடை போதுமா?

ஜனாதிபதி கிளாவ்தியா ஷெயின்பாம் நாடு முழுவதற்கும் தடை விதிப்பதை விரும்பவில்லை. வன்முறையைப் புகழாத நல்ல பாட்டுக்களுக்குப் போட்டி வைத்துப் பரிசளிக்கும் வழியை அவர் தேர்ந்தெடுத்தார். 1766 முதல் இன்று வரை தடை எதுவும் பலித்ததில்லை என்பதைப் பார்த்தால் அது நியாயமான வழிதான்.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. சுச்சும்பே பாடியவன் கைதூக்க முடியாத ஏழை. அவன் கேலி செய்தது அதிகாரம் படைத்தவர்களை. கோர்த்தெஸைப் பாடியவர்கள் துரத்தப்பட்டவன் பக்கம் நின்றார்கள். இன்றைய கடத்தல் பாட்டோ துரத்துகிறவன் பக்கம் நிற்கிறது. மெக்ஸிகோவில் காணாமற் போனவர்கள் என்று சர்க்கார் பதிவேட்டில் உள்ளவர்களின் தொகை 1 லட்சத்தைத் தாண்டிவிட்டது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, மகனின் எலும்பாவது கிடைக்காதா என்று வெட்ட வெளியில் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள் தாய்மார்கள். கொரீடோ இன்னமும் மக்களின் பத்திரிகைதான் என்றால், அந்தத் தாய்மார்களின் செய்தியையும் அது ஒரு நாள் பாடியாக வேண்டும்.