மேசையும் மாடியும்: ஒரு சேவையகத்தின் நினைவகத்தைக் கவனிப்பது எப்படி?

க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வெளியாகும் நாளில் நம் வீடுகளில் நடப்பதை எல்லோரும் அறிவோம். ஒருவர் சுட்டெண்ணை வாசிக்க, இன்னொருவர் தொலைபேசியில் தட்டுவார். பக்கம் திறக்காது. வெள்ளைத் திரையில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். மாமி வீட்டிலும் சாச்சி வீட்டிலும் அதே நிமிடத்தில் அதே வேலைதான் நடக்கும். "சேர்வர் டவுன்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தட்டுவோம்.

அந்தச் "சேர்வர்", அதாவது சேவையகம், அந்நேரத்தில் என்ன பாடுபடுகிறது? நான் இக்கல்லூரியின் பழைய மாணவி. கொழும்பில் சேவையகங்களைக் கண்காணிப்பது என் தொழில். "அப்படி என்னத்த மகள் இரவு பகலாப் பார்க்கிறது?" என்று உம்மா கேட்பதுண்டு. நான் பார்ப்பது சில எண்களைத்தான். ஒரு சேவையகம் தளர்வதற்குப் பல காரணங்கள் உண்டு. வலையமைப்பு நெரிசல் ஒன்று, செயலியின் சுமை இன்னொன்று. அவற்றுள் அடிக்கடி தவறாக விளங்கிக்கொள்ளப்படுவது நினைவகம். அதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

வெள்ளவத்தை காலி வீதியில் ஒரு புடைவைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே நீண்ட மேசை. மாடியில் களஞ்சிய அறை. வாடிக்கையாளர் கேட்கும் சாரியை மேசையில் விரித்தால்தான் வியாபாரம் நடக்கும். மேசை சிறியது, ஆனால் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. மாடி பெரியது, ஆனால் படியேறிப் போய்வர வேண்டும். கணினியில் மேசை என்பது தற்போக்கு அணுகல் நினைவகம், அதாவது ரேம். மாடி என்பது வன்தட்டு. மேசை நிரம்பும்போது, இப்போதைக்கு யாரும் பார்க்காத துணிகளை மாடியில் ஒதுக்கி வைப்பதற்கென்று ஒரு மூலையைத் தனியாக விட்டிருப்பார்கள். அந்த மூலைதான் "ஸ்வாப்". தமிழில் இடமாற்று நினைவகம் எனலாம்.

மேசைக்கும் மாடிக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ரேமிலிருந்து ஒரு தரவை எடுக்க ஏறத்தாழ 100 நனோ விநாடி ஆகும். இன்றைய திண்ம நிலைத் தட்டிலிருந்து எடுக்க அதைப்போல் சுமார் 1,000 மடங்கு நேரம் வேண்டும். சுழலும் பழைய வன்தட்டென்றால் சுமார் 1,00,000 மடங்கு. மேசையிலிருந்து எடுப்பதற்கு ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டால், முதலாவது மாடிக்குப் போய்வர 16 நிமிடத்துக்கு மேலாகும். இரண்டாவது மாடிக்குப் போனவர் நாளைக்குத்தான் திரும்பி வருவார்.

இந்த ஏற்பாடு புதியதன்று. 1962இல் இங்கிலாந்தின் மன்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ரொம் கில்பேர்ன் தலைமையிலான குழுவினர் உருவாக்கிய அட்லஸ் என்ற கணினியில் முதன்மை நினைவகம் மிகச் சிறியது. ஆகவே சுழலும் காந்த உருளை ஒன்றை அதனுடன் இணைத்து, இரண்டும் சேர்ந்து ஒரே பெரிய நினைவகம்போல் தோன்றும்படி செய்தார்கள். தரவைச் சம அளவான "பக்கங்களாக" வெட்டி, தேவைக்கேற்ப உருளைக்கும் நினைவகத்துக்கும் இடையே கணினி தானாகவே மாற்றிக்கொண்டது. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் கற்கும் மாணவிகள் பணிசெயல் முறைமை பற்றிய அலகில் படிக்கும் பக்கமிடல், மெய்நிகர் நினைவகம் ஆகிய இரண்டும் இங்கிருந்துதான் வளர்ந்தன.

இனி, நான் பார்க்கும் எண்களுக்கு வருவோம். உலகின் சேவையகங்களில் பெரும்பாலானவை லினக்ஸ் என்ற பணிசெயல் முறைமையில் இயங்குகின்றன. அதில் "ஃபிரீ" என்றொரு கட்டளை இருக்கிறது. அதைக் கொடுத்தால் நினைவகத்தின் கணக்கு வரும். 8 ஜிகாபைட் நினைவகமுள்ள ஒரு சேவையகத்தில் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: மொத்தம் 7.8, பயன்பாட்டில் 3.2, வெறுமையாக 0.3, தற்காலிகச் சேமிப்பில் 4.3, கிடைக்கக்கூடியது 4.2.

புதிதாகப் பார்ப்பவர் "வெறுமையாக 0.3" என்பதைக் கண்டதும் பதறிவிடுவார். மேசையில் 4 வீதந்தான் மிச்சமிருக்கிறது என்று தோன்றும். ஆனால் அந்த 4.3 என்ன? கடையில் முந்திய வாடிக்கையாளருக்குக் காட்டிய சாரிகளை உடனே மடித்து வைக்காமல் மேசையிலேயே விட்டிருப்பார்கள். அடுத்து வருபவரும் அதையே கேட்டால் வேலை மிச்சம். வேறு எதையாவது கேட்டால் ஒரு நொடியில் ஒதுக்கிவிடலாம். லினக்ஸும் வட்டிலிருந்து ஒருமுறை வாசித்த கோப்புகளை அப்படியே நினைவகத்தில் வைத்திருக்கும். இடம் தேவைப்பட்டால் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்துவிடும். சும்மா கிடக்கும் மேசையால் கடைக்கு என்ன இலாபம்?

ஆகவே பார்க்க வேண்டியது "கிடைக்கக்கூடியது" என்ற கடைசி எண்ணை. இந்த எண்ணைப் பலரும் மனக்கணக்காகப் போட்டுத் தவறியதனால், 2014இல் வெளியான லினக்ஸ் 3.14 பதிப்பில் கருவே அதைக் கணித்துத் தருமாறு செய்தார்கள். மேற்சொன்ன சேவையகத்தில் பாதிக்கு மேல் இடமிருக்கிறது. அது சுகமாகத்தான் இருக்கிறது.

அதே கட்டளையின் இரண்டாவது வரி ஸ்வாப் பற்றியது: மொத்தம் 2.0, பயன்பாட்டில் 0.6. இதைப் பார்த்தும் பதறுபவர்கள் உண்டு. பெருநாள் முடிந்த பிறகு விற்காமல் மிஞ்சிய துணியை மாடிக்கு அனுப்பியது தவறா? யாரும் கேட்காதவரை அது அங்கேயே கிடக்கலாம். கேட்பாரற்ற பக்கங்களை லினக்ஸ் வட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்தை வேறு வேலைக்குக் கொடுக்கிறது. அது நல்ல நிருவாகந்தான்.

அப்படியானால் ஆபத்து எங்கே? மாடியில் எவ்வளவு இருக்கிறது என்பதிலன்று, படிக்கட்டில் எவ்வளவு போக்குவரத்து என்பதில். பெருநாளுக்கு முந்திய கிழமை கடை நிரம்பி வழிகிறது. ஒருவர் சாரி கேட்கிறார், ஒருவர் ஹபாயா கேட்கிறார். ஒன்றைக் கொண்டுவர மற்றதை மாடிக்கு ஏற்ற வேண்டும். அதை ஏற்றி முடிப்பதற்குள் முதலாமவர் மறுபடியும் பழையதைக் கேட்கிறார். வேலையாட்கள் எல்லோரும் படியேறி இறங்கிக் களைக்கிறார்கள். காசாளரோ சும்மா உட்கார்ந்திருக்கிறார். இந்த நிலைக்கு ஆங்கிலத்தில் "திராஷிங்" என்று பெயர். பீற்றர் டெனிங் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் 1968இல் இதை ஆராய்ந்து எழுதினார்.

இதைக் காட்டுவதற்கு "விஎம்ஸ்டாட்" என்ற கட்டளை உதவுகிறது. விநாடிக்கொரு வரியாக எண்களைத் தந்துகொண்டே இருக்கும். அதில் "எஸ்ஐ" என்ற நிரல் ஸ்வாப்பிலிருந்து நினைவகத்துக்கு வருவது, "எஸ்ஓ" என்ற நிரல் நினைவகத்திலிருந்து ஸ்வாப்புக்குப் போவது. இரண்டும் பூச்சியமாகவோ எப்போதாவது ஓர் எண்ணாகவோ இருந்தால் கவலையில்லை. இரண்டிலும் ஓயாமல் பெரிய எண்கள் ஓடுகின்றன, கூடவே "கிடைக்கக்கூடியது" பத்து வீதத்துக்குக் கீழே போய்விட்டது என்றால், உடனே எழுந்து போக வேண்டும்.

இப்போது பெறுபேறு நாளைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான் சொல்வது கற்பனையான ஒரு சேவையகத்தை. நினைவகம் 7.8 ஜிகாபைட். தரவுத்தளமும் பணிசெயல் முறைமையும் 2.5 எடுத்துக்கொள்கின்றன. வருகிற ஒவ்வொருவரையும் கவனிக்க ஒரு செயன்முறை வேண்டும். ஒன்றுக்கு 80 மெகாபைட். ஒரே நேரத்தில் 60 பேர் என்றால் 4.8 ஜிகாபைட், மொத்தம் 7.3. மேசை போதுமானது. ஒருவருக்கு அரை விநாடி என்றால், விநாடிக்கு 120 பேரின் பெறுபேற்றைக் காட்டிவிடலாம்.

75 பேரை உள்ளே விட்டால் 8.5 ஜிகாபைட் வேண்டும். 0.7 படிக்கட்டில் ஏறுகிறது. அதுவும் பயன்பாட்டிலுள்ள பக்கங்கள். ஒருவருக்கு அரை விநாடியில் முடிந்த வேலை பத்து விநாடி இழுத்தால், விநாடிக்கு ஏழு பேரைத்தான் அனுப்ப முடியும். கூட ஆளை உள்ளே எடுத்ததனால் குறைந்த ஆட்களே பயனடைகிறார்கள். 150 பேரை விட்டால் 14.5 ஜிகாபைட் வேண்டும். நினைவகத்தையும் ஸ்வாப்பையும் கூட்டினாலும் 9.8தான். அப்போது லினக்ஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஏதாவதொரு செயன்முறையைத் தானே நிறுத்திவிடும். பெரும்பாலும் அதிக நினைவகம் பிடித்திருப்பதைத்தான் தேர்ந்தெடுக்கும். பெரும்பாலும் அது தரவுத்தளமாக இருக்கும். பெறுபேறுகள் இருப்பதே அதற்குள்தான்.

பரிகாரம் என்ன? எல்லை வகுப்பதுதான். 2022இல் எரிபொருளுக்காக நாம் வரிசையில் நின்றதை மறந்திருக்க மாட்டோம். அந்த ஜூலையில் கியூஆர் குறியீட்டுடன் வாரப் பங்கீடு வந்தது. 2023 செப்டெம்பர் 1இல் அது நீக்கப்படும்வரை, இருப்பதை எல்லோருக்கும் அளந்து கொடுக்க அது உதவியது. சேவையகத்திலும் "ஒரே நேரத்தில் 60 பேர்தான்" என்று எல்லை வைத்துவிட்டால், மற்றவர்கள் வெளியே வரிசையில் நிற்பார்கள். 600 பேர் நின்றாலும் கடைசியானவருக்கு ஐந்து விநாடியில் முறை வந்துவிடும்.

பெற்றோரிடமும் மாணவிகளிடமும் ஒரு வேண்டுகோள். பக்கம் திறக்காதபோது மீண்டும் மீண்டும் தட்டாதீர்கள். நீங்கள் கைவிட்ட பழைய கோரிக்கையைச் சேவையகம் பெரும்பாலும் தொடர்ந்து செய்துகொண்டுதான் இருக்கும். புதிய தட்டல் அதன்மேல் இன்னொரு சுமை. ஒரே பிள்ளைக்காகப் பத்துப் பேர் வரிசையில் நின்றதுபோலாகும். சற்றுப் பொறுத்துப் பாருங்கள், அல்லது குறுஞ்செய்தி வழியைப் பயன்படுத்துங்கள். பெறுபேறு நாளைக்கும் அங்கேதான் இருக்கும். ஆனால் பல்கலைக்கழக விண்ணப்பம்போன்று முடிவுத் திகதியுள்ள விடயங்களைக் கடைசி இரவுக்கு விடாதீர்கள். எல்லோரும் விட்டுவைப்பது அந்த இரவுக்குத்தான். அங்கே தவறினால் ஒரு பிள்ளையின் ஓராண்டு போய்விடலாம்.

திடீர் நெரிசல் அல்லாத இன்னொரு நோயும் உண்டு. சில மென்பொருள்கள் வாங்கிய நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிடும். இதை நினைவகக் கசிவு என்பார்கள். நாளொன்றுக்கு 50 மெகாபைட் கசிந்தால் 4.2 ஜிகாபைட் இடம் தீர 84 நாளாகும், கிட்டத்தட்ட ஒரு பாடசாலைத் தவணை. எந்த ஒரு நாளில் பார்த்தாலும் குறை தெரியாது. ஆகவேதான் எண்களைப் பதிந்து வைக்க வேண்டும். "சார்" என்ற கருவி பத்து நிமிடத்துக்கொரு முறை தானாகவே பதிந்து வைக்கும். மாதப் படத்தில் ஒரு கோடு மெல்லச் சரிவதைக் கண்டால், விபத்துக்குப் பல வாரங்களுக்கு முன்பே பிழையைத் தேடத் தொடங்கலாம். பிள்ளையின் உயரத்தைக் கதவுநிலையில் கோடு போட்டுவைக்கும் தாய்மாருக்கு இந்த முறை புதிதாக இராது.

"கூடுதல் நினைவகம் வாங்கினால் தீராதா?" என்று கேட்கலாம். கசிவு இருந்தால் தீராது, நாள் மட்டுந்தான் தள்ளிப்போகும். தவிர, எல்லோரிடமும் பணமில்லை. 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பாடசாலை மலர்களையும் இணையத்தில் இலவசமாகத் தந்துவரும் "நூலகம்" என்ற எண்ணிம நூலகம் நன்கொடையாலும் தன்னார்வலர்களாலும் வளர்ந்தது. புத்தளத்திலோ காத்தான்குடியிலோ ஒரு மாணவி பாட்டன் காலத்துச் சஞ்சிகையொன்றை இரவில் திறந்து வாசிக்க முடிவது, எங்கோ ஒரு சேவையகம் விழித்திருப்பதனால்தான். இத்தகைய பொதுப் பணிகளில் இருக்கிற நினைவகத்தைச் சரியாக வாசிக்கத் தெரிந்த ஒருவர், இல்லாத பணத்துக்கு ஈடாவார்.

இந்தத் தொழில் பெண்பிள்ளைகளுக்குச் சரிவருமா என்று சில பெற்றோர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நான் செய்கிறேன் என்பதே என் பதில். கண்காணிப்பு மென்பொருள் எல்லை தாண்டியதும் தொலைபேசிக்கு அறிவிக்கும். பெரும்பாலான வேலையை வீட்டிலிருந்தே செய்துவிடலாம். தேவைப்படுவது பொறுமையும், எண்ணைக் கண்டதும் பதறாமல் "இது எதைச் சொல்கிறது?" என்று கேட்கும் பழக்கமும்.

தொடங்க விரும்பும் மாணவிகளுக்கு ஒரு பழைய கணினி போதும். லினக்ஸ் இலவசம். அதை நிறுவி ஒரு கிழமைக்கு நாளும் இருமுறை "ஃபிரீ" கட்டளையைக் கொடுத்து, வரும் எண்களை ஒரு கொப்பியில் எழுதுங்கள். உலாவியில் இருபது பக்கங்களைத் திறந்துவிட்டு மறுபடியும் எழுதுங்கள். எந்த எண் கூடியது, எது குறைந்தது, எது அசையவில்லை, ஏன்? இதற்கு நீங்களே விடை கண்டுவிட்டால், என் தொழிலின் முதற்பாடத்தைக் கற்றுவிட்டீர்கள்.