மறைப்பும் மனத்துயரும்: புற்றுநோயாளரும் குடும்பப் பராமரிப்பாளரும்

ஆய்வுச் சுருக்கம்
புற்றுநோய் என்னும் உண்மையை நோயாளரிடமிருந்து மறைப்பது தமிழ்க் குடும்பங்களில் அன்பின் வெளிப்பாடாகவே கருதப்படுகிறது. அம்மறைப்பு இருதரப்பு மனத்துயரையும் வளர்க்கும் விதத்தையும் அதனைத் தணிக்கும் வழியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: புற்றுநோய், மனத்துயர், பராமரிப்பாளர், நோய் மறைப்பு, உளப்புற்றுநோயியல்.

முன்னுரை
புற்றுநோய் உடலோடு நிற்பதில்லை. அச்சம், குற்றவுணர்வு, உறக்கமின்மை, தனிமை ஆகியவற்றையும் உடன் கொணர்கிறது. இவற்றை ஆராயும் உளப்புற்றுநோயியல் தனித்துறையாக வளர்வதற்கு, 1977இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் ஜிம்மி ஹாலண்ட் தொடங்கிய உளமருத்துவப் பிரிவு அடித்தளமிட்டது.

மறைப்பின் இயல்பு
“அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள், கட்டி என்று மட்டும் சொல்லுங்கள்” எனப் பிள்ளைகள் மருத்துவரிடம் வேண்டுவது பரவலாகக் காணப்படுகிறது. ஆயினும் கீமோதெரபியும் முடி உதிர்வும் உடனிருக்கும் நோயாளரின் பேச்சும் உண்மையை உணர்த்திவிடுகின்றன. பிள்ளைகள் வருந்துவர் எனத் தாயும் அறியாதவர்போல் இருந்துவிடுகிறார். மரணத்தை எதிர்நோக்கும் நோயாளரை ஆராய்ந்த கிளேசர், ஸ்ட்ராஸ் என்னும் சமூகவியலாளர் 1965இல் வகுத்த நான்கு அறிநிலைகளுள் ஒன்றான ‘இருதரப்புப் பாவனை’ இதற்கும் பொருந்தும். ஒருவரையொருவர் காக்க முயன்று இருவரும் தனித்தனியே அழுகின்றனர் என்பதே இதன் அவலம்.

பராமரிப்பாளரின் சுமை
மருந்து, உணவு, பணம் ஆகியவற்றோடு இரகசியத்தைக் காக்கும் பொறுப்பும் பராமரிப்பாளர்மேல் விழுகிறது. நோயாளர் மறைந்தபின், பேசாமற்போன சொற்கள் ஆறாத குற்றவுணர்வாக எஞ்சக்கூடும். 1998இல் அறிமுகமான ‘மனத்துயர் வெப்பமானி’ நோயாளரின் துயரை 0 முதல் 10 வரையிலான எண்ணால் கேட்டறிகிறது. உறவினரே நோயாளருக்காக விடையளிக்கும் சூழலில் இருவர் துயரும் பதிவாவதில்லை. எனவே இருவரையும் தனித்தனியே வினவுதல் வேண்டும்.

தணிக்கும் வழி
மறைப்பவரைக் கடிந்துகொள்வது பயனளிக்காது. முதலில் அவர்தம் அச்சத்தைக் கேட்டு, அதன் பின்னுள்ள அன்பை ஏற்று, மறைப்பதால் அவர் படும் பாட்டை அவரே உணரச் செய்தல் வேண்டும். பின்னர், நோயாளர் ஏற்கெனவே அறிந்திருப்பது யாது என அவரிடமே கேட்பதற்குக் குடும்பத்தாரின் இசைவைப் பெறலாம். 2000இல் வெளியான ‘ஸ்பைக்ஸ்’ என்னும் ஆறுபடி நெறிமுறையின் மூன்றாம் படி, நோயாளர் எவ்வளவு அறிய விரும்புகிறார் எனக் கேட்பதாகும். ‘என் மகனிடம் பேசுங்கள்’ என அவர் கூறின் அதுவும் அவரது தேர்வே.

முடிவுரை
உண்மையைத் திணிப்பதும் முற்றாக மறைப்பதும் தீர்வல்ல. நோயாளரின் விருப்பத்தைக் கேட்டறிவதே இரண்டிற்கும் இடைப்பட்ட வழி. அவ்வாறு கேட்கும்போது நோயாளரின் தனிமையும் பராமரிப்பாளரின் சுமையும் ஒருசேரக் குறைய வாய்ப்புண்டு. செவிலியர்க்கும் சமூகப் பணியாளர்க்கும் இவ்வுரையாடலைத் தமிழில் பயிற்றுவித்தல் இன்றைய தேவையாகும்.