சிக்கிய குழாயை மீட்கும் அடி

எண்ணெய்க் கிணறு துளையிடும்போது பல ஆயிரம் அடி ஆழத்தில் குழாய் சிக்கிக்கொள்வதுண்டு. பாறை சரிந்து இறுக்கும். அல்லது துளையிடும்போது கிணற்றுக்குள் செலுத்தும் சேற்றின் அழுத்தம் குழாயைக் கிணற்றுச் சுவரோடு ஒட்டவைத்துவிடும். மேலிருந்து வெறும் பலத்தால் இழுத்தால் குழாய் அறுந்தே போகலாம்.

அதற்காகத்தான் குழாய் வரிசையின் கீழ்ப்பகுதியில் ‘ஜார்’ என்ற கருவியை முன்கூட்டியே பொருத்துகிறார்கள். ஒன்றுக்குள் ஒன்று நழுவும் இரண்டு உருளைகள், உள்ளே சுத்தியல், பட்டடை. ஹைட்ராலிக் ஜாரில் எண்ணெய் ஒரு குறுகிய வழியே மெல்லக் கசிந்து, நழுவலைத் தாமதப்படுத்தும். அந்த அவகாசத்தில் மேலே இழுக்கப்படும் நீண்ட எஃகுக் குழாய், நாணேற்றிய வில்லைப் போல விசையைச் சேர்த்துக்கொள்ளும். ஜாருக்குள் நகரும் பிஸ்டன் உருளையின் அகன்ற பகுதிக்கு வந்ததும் தடை சட்டென நீங்கும். சுத்தியல் பட்டடையில் மோதும். இழுத்த விசையைவிடப் பல மடங்கு வலுவான அடி, சிக்கிய இடத்துக்கு அருகிலேயே விழும்! ஒரே அடியில் விடுபடாவிட்டால் மறுபடி, மறுபடி.

இந்தக் கருவி எண்ணெய்த் தொழிலைவிட மூத்தது. அமெரிக்காவின் கனாவா பள்ளத்தாக்கில் உப்புநீர்க் கிணறுகள் துளைத்த வில்லியம் மோரிஸ், 1841-இலேயே ஜாருக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்க எண்ணெய்த் தொழிலின் தொடக்கமாகக் கருதப்படும் டிரேக்கின் எண்ணெய்க் கிணறு டைட்டஸ்வில்லில் வந்தது 1859-இல்தான்.

அடிக்குப் பதில் அதிர்வும் உண்டு. தரைமட்டத்தில் குழாயின் தலையில் அதிர்வியைப் பொருத்துவார்கள். அதில் எதிரெதிர்த் திசையில் சுழலும் எடைகள் பக்கவாட்டு விசையை ரத்துசெய்து, மேல்கீழ் விசையை மட்டும் தரும். குழாயின் இயல்பான அதிர்வெண்ணோடு அது ஒத்துப்போகும்போது, இறுகிய மணலின் பிடி தளர்கிறது.