பழைய இல்லத்தில் தங்குதல்

புதுச்சேரி செல்வோர் தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்குமுன் அந்நகரின் அமைப்பை அறிந்துகொள்வது நலம். 1693இல் அதனைக் கைப்பற்றிய டச்சுக்காரர் நேர்நேரான வீதிகளை வகுத்தனர். பின்னர் பிரெஞ்சுக்காரர் அதனை வளர்த்தனர். 1761இல் ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கிய பின்னும் நகரம் மீண்டெழுந்தது. பெரிய வாய்க்கால் அதனை இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கே, கடற்புறத்தில், உயர்ந்த மதில் சூழ்ந்த பிரெஞ்சு மாளிகைகள்; மேற்கே, திண்ணையும் முற்றமும் உடைய தமிழர் இல்லங்கள். இருவகை வீடுகளிலும் சில, இன்று ஒருசில அறைகளே கொண்ட விடுதிகளாக விளங்குகின்றன.

கடற்காற்றை வேண்டுவோர் கிழக்கையும், கடைத்தெருவின் கலகலப்பை விரும்புவோர் மேற்கையும் நாடலாம். ஆயின், மஞ்சள் வண்ணம் பூசிய கட்டடமெல்லாம் பழமையானதன்று. சுண்ணாம்புச் சாந்து பூசிய தடித்த சுவர், மரக்கட்டைகள் தாங்கும் உயர்ந்த செங்கல் தளம், காற்றோடும் முற்றம் ஆகியவையே மெய்யான அடையாளங்கள். இத்தகைய வீடுகளில் மின்தூக்கி இல்லாதிருக்கலாம். முதியோர் கீழ்த்தளத்து அறையை முன்னரே கேட்டுப் பெறுதல் வேண்டும்.

இத்தேர்வில் அடங்கியிருப்பது நம் வசதி மட்டுமன்று. பழைய வீட்டைப் பேணுதல் செலவு மிக்கது; வருவாய் தராத வீடு இடிபட்டு, அவ்விடத்தில் அடுக்குமாடி எழக் காண்கிறோம். வைசியாள் வீதியின் வீட்டு முகப்புகளைச் சீர்செய்த பணி 2008இல் யுனெஸ்கோ விருது பெற்றது. நாம் தரும் ஓரிரவு வாடகை ஒரு திண்ணையை நிலைக்கச் செய்யுமாயின், அது வீண்செலவாகாது.